கும்பகோணத்து வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு: படிவத்தில் இருப்பதும் இல்லாததும்

இந்த முறை ஊருக்குப் போனபோது கோயில், உறவினர் வீடு, துணிக்கடை எல்லாவற்றையும் விட அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது கும்பகோணத்தில் எங்கள் பெற்றோர் வீட்டுக்கு ஒழுங்கான பிராட்பேண்ட் இணைப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலைதான். அப்பா மருத்துவருடன் காணொளியில் பேச வேண்டும்; அம்மா பேத்தியின் முகத்தைத் தடங்கலின்றிப் பார்க்க வேண்டும்; லெஸ்டரில் இருக்கும் நான் வாசல் கேமராவைத் திறந்து பார்க்க வேண்டும். வீட்டில் இருந்ததோ தாத்தா காலத்துச் செம்புக்கம்பித் தொலைபேசியும், இரண்டு கைபேசிகளும் மட்டுமே. ஊருக்கு வந்து இதே வேலையில் இறங்கப்போகும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு உதவும் என்பதால், விசாரித்தறிந்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிரிட்டனில் இணைய இணைப்பு வாங்குபவர் முதலில் பார்ப்பது ஒப்பந்த காலத்தைத்தான். பெரும்பாலும் 18 அல்லது 24 மாதம். முதல் 14 நாட்களுக்குள் மனம் மாறினால் விலகலாம். அதற்குப் பிறகு இடையில் விலகினால் மீதி மாதங்களைக் கணக்கிட்டுத் தண்டம் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தின் நடுவே விலையைப் பணவீக்கத்தோடு சேர்த்து உயர்த்தும் வழக்கத்தை, 2025 ஜனவரி 17 முதல் எழுதப்படும் புதிய ஒப்பந்தங்களில் அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் தடை செய்துவிட்டது. உயர்வு எவ்வளவு என்பதைப் பவுண்டிலும் பென்ஸிலும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இந்தப் பழக்கத்தில் ஊறியவன் என்பதால், காமாட்சி ஜோசியர் தெருப்பக்கம் இருந்த ஒரு கடையில் நான் கேட்ட முதல் கேள்வி, "ஒப்பந்தம் எத்தனை மாதம்?" என்பதுதான். "அதெல்லாம் ஒண்ணும் கிடையாது சார், எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்" என்றார் அங்கிருந்த இளைஞர்.

அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் இங்கே வாடிக்கையாளரைக் கட்டிப்போடுவது கையெழுத்திட்ட காலக்கெடு அல்ல, முன்கூட்டியே கட்டிய பணம். ஆறு மாதத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ மொத்தமாகச் செலுத்தினால் நிறுவுக் கட்டணம் தள்ளுபடி, ரவுட்டர் இலவசம், சில நாட்கள் கூடுதலாகச் சேவை என்று ஆசை காட்டுகிறார்கள். நடுவில் இணைப்பை நிறுத்தினால் மீதிப் பணம் திரும்புமா, தள்ளுபடி செய்த நிறுவுக் கட்டணத்தை அப்போது பிடித்துக்கொள்வார்களா, ரவுட்டர் பெட்டியை யார் வந்து எடுத்துச் செல்வார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விளம்பரத் தாளில் விடை இல்லை. கைபேசிச் செயலியில் நாம் ஒப்புதல் அளிக்கும் நீண்ட நிபந்தனைகளுக்குள்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்த ஒரு தனியார் நிறுவன முகவர், அப்பாவிடம் ஓடிபி எண்ணை வாங்கி அந்த ஒப்புதலைத் தாமே அழுத்திவிடப் பார்த்தார். நான் கைபேசியை வாங்கி வரி வரியாகப் படிக்கத் தொடங்கியதும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே, அது போகட்டும். பெட்டி நிறுவனத்துக்கே சொந்தம், திருப்பித் தராவிட்டால் அதன் விலையைக் கட்ட வேண்டும் என்ற வரி அங்கேதான் இருந்தது. ஆகவே பெட்டியின் வரிசை எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும், திருப்பும்போது ரசீது கேட்பதும் அவசியம்.

வாடிக்கையாளருக்குச் சாதகமான விதிகளும் உண்டு. அவற்றை முகவர்கள் சொல்வதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த கட்டண விதிப்படி, ஒருவர் ஒரு திட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு அதன் கட்டணத்தை உயர்த்த முடியாது. நீண்ட காலத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தால் அந்தக் காலம் முழுவதற்கும் அந்தக் கட்டணமே செல்லும். வாடிக்கையாளரோ எப்போது வேண்டுமானாலும் வேறு திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம். விளம்பரத்தில் வரும் தொகையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்; 499 ரூபாய்த் திட்டத்துக்குக் கையிலிருந்து போவது ஏறத்தாழ 589 ரூபாய்.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஜியோவின் 399 ரூபாய்த் திட்டம் விநாடிக்கு 30 மெகாபிட், ஏர்டெல்லின் 499 ரூபாய்த் திட்டம் 40 மெகாபிட். இரண்டிலும் மாதத்துக்கு 3,300 ஜிபி வரை முழு வேகம், அதற்கு மேல் வேகம் குறைந்துவிடும். இரண்டு முதியவர்கள் இருக்கும் வீட்டில் அந்த வரம்பை யாரும் தொடப்போவதில்லை. நல்ல காணொளி அழைப்புக்கு மூன்று, நான்கு மெகாபிட்டே போதும் என்னும்போது, 300 மெகாபிட்டும் பத்துப் பதினைந்து ஓடிடி தளங்களும் சேர்ந்த திட்டத்தைத் தலையில் கட்டப் பார்ப்பவரை மரியாதையாக அனுப்பிவிடலாம். உண்மையான சிக்கல் வீட்டின் சுவரில் இருக்கிறது. வாசலில் தொடங்கிக் கொல்லை வரை நீளும் பழைய வீடு எங்களுடையது. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனத்த சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டுவதே இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தட்டுத்தடுமாறி அடுக்களை வரை எட்டுகிறது. பெட்டியைத் திண்ணைக்கு அருகில் மாட்டிவிட்டுப் போவது வேலை செய்பவருக்கு எளிது. கூடுதலாகச் சில மீட்டர் கம்பி இழுத்து முற்றத்தின் ஓரம் மாட்டச் சொன்னதால் வீடு முழுவதும் அலை பரவியது. இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, யார் கம்பி இழுக்கிறார்கள் என்பது. எங்கள் பக்கத்துச் சிறு நகரங்களில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் ஃபைபர் இணைப்பைப் பல இடங்களில் உள்ளூர்க் கேபிள்காரர்களே கூட்டாளிகளாக இருந்து தருகிறார்கள். சேவை நிறுவனத்துடையது, தெருவில் ஓடும் கடைசிக் கம்பி கேபிள்காரருடையது. கம்பி அறுந்தால் அழைக்க வேண்டியவர் அவரே. மின்கம்பத்திலிருந்து மின்கம்பத்துக்குத் தாவி வரும் அந்தக் கம்பியைக் கனரக வண்டி இழுத்துச் செல்வதும், தேர் ஓடும் வீதிகளில் தேரோட்டத்துக்காகக் குறுக்குக் கம்பிகளை அவிழ்ப்பதும் இங்கே வழக்கமான நிகழ்ச்சிகள். 2028இல் மகாமகம் வேறு வருகிறது. அதற்கான தெரு வேலைகளில் எத்தனை கம்பி தப்பும் என்பதை அந்த மகாமகக் குளமே அறியும். அதனால் நிறுவனத்தின் பெயரை விசாரிப்பதற்கு முன், அதே தெருவில் இணைப்பு வைத்திருப்பவர்களிடம், "அறுந்தால் எத்தனை நாளில் வருகிறார்கள்?" என்று விசாரித்தேன். விளம்பரத்தில் காணக் கிடைக்காத தகவல் இதுவே. கம்பியே இல்லாமல் மொட்டை மாடியில் ஒரு கருவியைப் பொருத்தி 5ஜி அலை வழியாக வரும் ஏர்ஃபைபர் இணைப்பும் 2023 முதல் கிடைக்கிறது. ஜியோவில் அதற்கான மாத வரம்பு 1,000 ஜிபி. கம்பி வரவே முடியாத வீட்டுக்கு அது நல்ல வழி. கம்பி வரக்கூடிய வீட்டுக்குக் கம்பியே மேல் என்று முடிவு செய்தேன்.

தொலைபேசி எண்ணில்தான் பெரிய சிக்கல். 0435 என்று தொடங்கும் அந்த எண் மூன்று தலைமுறை உறவினர்களுக்கு மனப்பாடம். அதை விடுவதற்கு அப்பா சம்மதிக்கவில்லை. இந்தியாவில் கைபேசி எண்ணை நிறுவனம் விட்டு நிறுவனம் கொண்டுசெல்லும் வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது. லேண்ட்லைன் எண்ணுக்கு அந்த வசதி இல்லை. தனியார் ஃபைபர் வாங்கினால் குரல் அழைப்புக்குப் புதிய எண்தான் தருவார்கள். ஆனால் பி.எஸ்.என்.எல். எண்ணை அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு மாற்றினால் எண்ணை வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு முடிவைத் தந்தது இந்த ஒரு வேறுபாடுதான். மாற்றும் படிவத்தைக் கையில் எடுத்தபோது அடுத்த முடிச்சு தெரிந்தது: இணைப்பு இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. பணம் கட்டுபவர் யார் என்பது நிறுவனத்துக்குப் பொருட்டல்ல. ஒப்பந்தக்காரர் யார் என்பதே பொருட்டு. பழைய வைப்புத்தொகையும் அவர் பெயரில்தான் நிற்கிறது. இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழ், அத்தையும் சித்தப்பாவும் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தந்த கடிதங்கள், அப்பாவின் ஆதார் ஆகியவற்றைச் சேர்த்துப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தோம். ஊரில் பெற்றோர் வைத்திருக்கும் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பழைய ரசீதை எடுத்து ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் வயது கூடிக்கொண்டே போகிறது.

ஃபைபருக்கு மாறும்போது இழப்பது ஒன்று உண்டு. செம்புக்கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்து கம்பி வழியாகவே, 48 வோல்ட்டில், வந்தது. வீட்டில் மின்வெட்டு என்றாலும் மணி அடித்தது. ஃபைபர் என்னும் கண்ணாடி இழை ஒளியைத்தான் கடத்தும். சுவரில் இருக்கும் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். அது நின்றால் இணையமும் தொலைபேசியும் சேர்ந்தே நின்றுவிடும். பிரிட்டனிலும் இதே மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. பழைய தொலைபேசி வலையமைப்பை 2027 ஜனவரிக்குள் மூடுவதாக இருக்கிறார்கள். அங்கே லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, மின்வெட்டில் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர எண்ணை அழைக்க வழி செய்து தர வேண்டும் என்று ஆஃப்காம் சொல்கிறது. ஊரில் அதை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். இன்வெர்ட்டர் இருக்கும் வீடென்றால், பெட்டி செருகியிருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டால் போதும். எங்கள் வீட்டில் அந்தப் பிளக் அதில் இல்லை. 12 வோல்ட் ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்தோம்.

கைபேசிகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வீட்டில் வைஃபை வந்துவிட்டதால் கைபேசியில் டேட்டா தேவையில்லை. குரலுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜையும் நிறுவனங்கள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் கட்டாயமாக்கியது. அதன் காலவரம்பையும் 365 நாட்கள் வரை நீட்டித்தது. இருபத்தெட்டு நாளுக்கு ஒரு முறை கடைக்கு நடக்கும் தொல்லை இதனால் தீர்ந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் வங்கி ஓடிபிக்காக வைத்திருக்கும் இந்திய சிம் 90 நாட்கள் பயன்பாடு இல்லாமல் கிடந்தால் முடக்கப்படலாம். ப்ரீபெய்டு கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலும் 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்பது விதி. இணைய இணைப்புக்குப் பதிவு செய்யும் எண் ஊரில் இருப்பவருடையதாகவே இருக்கட்டும். என் எண்ணைக் கொடுத்தால் கேபிள்காரர் வாசலில் நிற்கும்போது, ஓடிபி லெஸ்டரில் விடியற்காலையில் வந்து சேரும்.

புகார் என்று வந்தால் பதிவு எண்ணை வாங்காமல் அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. அந்த எண் இருந்தால்தான் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியும். அங்கும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். தொலைத்தொடர்புப் புகார்களை அங்கே கொண்டுசெல்லத் தடையில்லை என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

கடைசியில் பழைய எண்ணோடு ஃபைபர், அடிப்படைத் திட்டம், ஆண்டுச் சலுகை எதுவுமின்றி மாதாமாதம் பணம் என்று முடிவானது. தள்ளுபடி கிடைக்காமல் போனது உண்மைதான். ஆனால் முதல் மழைக்காலத்தைத் தாண்டும் வரை இந்தத் தெருவின் கம்பியை நம்பி ஓர் ஆண்டுப் பணத்தைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இணைப்பு அறுபடாமல் தாக்குப்பிடித்தால், தை மாதத்தில் ஆண்டுத் திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.