பொள்ளாச்சி – மீனாட்சிபுரம் பக்கம் வாஷிங்மெஷின் சர்வீஸ்: எதற்குக் காசு கொடுக்கலாம்

பொள்ளாச்சிக் கடையில் மெஷின் வாங்கி, வீடு கோபாலபுரம் தாண்டிக் கேரளப் பக்கம் இருந்தால் முதலில் முட்டுவது பின்கோடில்தான். 642-ல் தொடங்கும் முகவரிக்கு ஒரு சர்வீஸ் சென்டர், 678-ல் தொடங்கினால் வேறொன்று. கடைக்காரர் தன் கடையின் பின்கோடைப் போட்டு இன்ஸ்டலேஷன் பதிவு செய்துவிடுவார். கிளம்பி வரும் ஆள் பாதி வழியில் போன் போட்டு, "அது எங்க ஏரியா இல்லைங்க" என்பார். புகார் மூடப்படும், மறுபடி பதிய வேண்டும். பில் போடும்போதே வீட்டுப் பின்கோடு, மாடல் எண், சீரியல் எண் மூன்றையும் சரிபார்த்துப் பதியச் சொல்லுங்கள். பில் தமிழ்நாட்டுக் கடையுடையது என்பதற்காக வாரன்டி எல்லையில் நின்றுவிடாது.

இந்தப் பகுதியில் ஃப்ரன்ட் லோடு மெஷினுக்குக் கிடைக்கும் சர்வீஸ் மூன்று வகை: கம்பெனியின் இலவச இன்ஸ்டலேஷன், கம்பெனியின் வருடாந்திர ஒப்பந்தம், உள்ளூர் மெக்கானிக். முதலாவது அரைகுறை, இரண்டாவது பெரும்பாலும் வீண், மூன்றாவது ஆளைப் பொறுத்தது என்றாலும் பேரிங் வேலைக்கு அதுதான் சரி.

இலவச இன்ஸ்டலேஷன் என்பது அரை மணி நேரம். பேக்கிங்கைப் பிரித்து, பைப்பை மாட்டி, ஒரு குவிக் வாஷ் ஓட்டிக் காட்டி, பட்டன்களை விளக்கிவிட்டு ஓடிபி கேட்பார்கள். அந்த எண்ணைச் சொல்லுமுன் மெஷினின் முதுகைப் பாருங்கள். டிரம் ஆடாமல் பிடித்திருக்கும் டிரான்சிட் போல்ட் பெரும்பாலும் நான்கு இருக்கும். நான்கும் கழற்றப்பட்டு, ஓட்டைகளில் பிளாஸ்டிக் மூடி ஏறியிருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் முதல் ஸ்பின்னிலேயே மெஷின் தரையில் நடக்கத் தொடங்கும், ஷாக் அப்சார்பரும் அடிவாங்கும். கழற்றிய போல்ட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், வீடு மாற்றும்போது அதையே திரும்ப முடுக்க வேண்டும்.

அடுத்தது லெவல். ஸ்பிரிட் லெவலை மேலே வைத்துக் குமிழி நடுவில் நின்றால் போதும் என்று எழுந்துவிடுவார்கள், போதாது. எதிரெதிர் மூலைகளில் இரு கையையும் வைத்து மாற்றி மாற்றி அழுத்துங்கள். 'டொக்' என்று சின்னதாக ஆடினாலும் ஒரு கால் தரையைத் தொடவில்லை. அந்தக் காலைத் திருகி இறக்கியபின், அதன் மேலுள்ள லாக் நட்டை மெஷினின் அடித்தகட்டோடு சேரும்வரை மேல்நோக்கி முடுக்க வேண்டும். இந்த நட்டை விட்டுவிடுவதால்தான் 'மூன்று மாதம் நன்றாக ஓடியது, அப்புறம் குதிக்கிறது' என்ற புகார் வருகிறது. சக்கரம் வைத்த ஸ்டாண்டு வேண்டவே வேண்டாம்.

டிரெயின் ஹோஸ் ஃப்ரன்ட் லோடுக்குத் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் வளைந்து இறங்க வேண்டும். குளியலறைத் தரையில் போட்டுவிட்டால் தண்ணீர் ஏற ஏற வடிந்துகொண்டே இருக்கும், மெஷின் முடிவில்லாமல் நிரப்பிக்கொண்டிருக்கும். டிரெயின் பம்ப் இல்லாத டாப் லோடுக்கு நேர்மாறு: ஹோஸ் தரையோடு கிடந்தால்தான் வடியும்.

தண்ணீர் அழுத்தம் பற்றி இன்ஸ்டலேஷன் ஆள் பேசுவதே இல்லை. டேங்க் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது ஏறக்குறைய 0.1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). பல மெஷின்களின் இன்லெட் வால்வு குறைந்தது 0.3 பார் கேட்கும். அதாவது டேங்கின் அடிமட்டம் மெஷின் குழாய்க்கு 3 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். ஒற்றை மாடி வீட்டில் டேங்கை மொட்டை மாடித் தரையிலேயே வைத்திருந்தால் இரண்டு மீட்டர் சொச்சம்தான் கிடைக்கும். தண்ணீர் ஏற நேரமாகி, ஐஇ மாதிரி ஏதோ ஒரு எரர் காட்டி நிற்கும். எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது என்று சொல்லுமுன் இரண்டு காரியம் செய்யுங்கள்: ஹோஸைக் கழற்றி வால்வின் வாயிலுள்ள சின்னச் சல்லடையைக் குறடால் இழுத்துக் கழுவுங்கள், டேங்கின் உயரத்தை அளந்து பாருங்கள். டேங்குக்கு அடியில் ஒரு மீட்டர் மேடை கட்டினால் பல வீடுகளில் விஷயம் முடிந்துவிடும்.

இனி, இந்தப் பக்கத்தின் பெரிய வியாபாரம்: தண்ணீர் ஃபில்டர். ஆழியாற்றுக் குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில் சோப்பு நன்றாக நுரைக்கும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் கை கழுவினாலே வித்தியாசம் தெரியும். இன்ஸ்டலேஷனுக்கு வந்தவர் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்து முக்குவார். "பாருங்க, 900 காட்டுது. ஃபில்டர் போடலைன்னா ஹீட்டர் போயிரும்ங்க." அது டிடிஎஸ் மீட்டர். கரைந்த மொத்த உப்பைத்தான் அது காட்டும். ஹீட்டரில் படிவது கால்சியமும் மெக்னீசியமும், அதாவது கடினத்தன்மை. 900 டிடிஎஸ்ஸில் கடினத்தன்மை 200-ம் இருக்கலாம், 600-ம் இருக்கலாம். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீர் இல்லாதபோது 600 வரை. இதை அளக்கச் சொட்டு மருந்து கிட் தனியாகக் கிடைக்கிறது. சிவந்த தண்ணீர் நீலமாக மாறும்வரை எத்தனை சொட்டு விட்டோம் என்று எண்ணினால் விடை வந்துவிடும்.

அவர்கள் விற்கும் சின்னக் குப்பி ஃபில்டரில் இருப்பது பெரும்பாலும் பாலிபாஸ்பேட் கற்கள். அது கடினத்தன்மையை ஒரு புள்ளிகூடக் குறைப்பதில்லை, உப்பு ஒட்டாமல் ஓரளவு தடுக்கும். தண்ணீர் நன்றாகச் சூடாகும்போது அந்த வேலையும் தளரும். கற்கள் கரைந்து தீர்ந்தபின் அது வெறும் குப்பி. உண்மையில் மென்மையாக்குவது, கடினத்தன்மையைப் பிடித்துவைக்கும் சின்ன மணிகளான ரெசினை உப்புப் போட்டுப் புதுப்பிக்கும் சாஃப்ட்னர். ஆனால் அதிலும் கணக்குப் பாருங்கள். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் ஒரு துவைப்புக்கு 60 லிட்டர் போனால் 36 கிராம். இரண்டாவது துவைப்புக்குள்ளேயே ஒரு லிட்டர் ரெசின் தீர்ந்துவிடும். தினம் உப்புக் கரைசல் ஊற்ற யாருக்குப் பொறுமை இருக்கிறது? வாங்குவதானால் ஐந்து லிட்டர் ரெசினுக்குக் குறையாமல் வாங்குங்கள், இல்லையேல் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். சாஃப்ட்னர் மாட்டிய பிறகும் டிடிஎஸ் மீட்டர் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டும். அதை வைத்து 'வேலை செய்யவில்லை' என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

மின்சாரத்தில் ஒரே ஒரு விஷயம். ஈரக் கையோடு மெஷினைத் தொட்டால் சுள்ளென்கிறது என்பார்கள். அநேகமாக எர்த் இல்லை. உள்ளே மின் இரைச்சலை வடிக்க இருக்கும் கெப்பாசிட்டர்கள் எர்த் கிடைக்காதபோது மெஷினின் உடம்பை 115 வோல்ட் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். போர்டை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுக்க வேண்டும். 2000 வாட் ஹீட்டர் 9 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் சாக்கெட் கட்டாயம்.

வருடாந்திர ஒப்பந்தத்தில் ஹீட்டர், போர்டு, கதவு ரப்பர், பேரிங், டப் (டிரம்மைச் சுற்றியிருக்கும் தொட்டி) ஆகிய ஐந்தும் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் வெளியே. 'மோட்டாருக்குப் பத்து வருடம்' என்பதும் மோட்டாருக்கு மட்டும்தான், அதை ஓட்டும் போர்டுக்கு இல்லை. மிஞ்சுவது வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து ஒரு பாக்கெட் பவுடர் போட்டு ஓட்டுவது. அந்தப் பவுடர்களில் பலவற்றின் சாரம் சிட்ரிக் ஆசிட்தான். 100 கிராம் வாங்கிக் காலி டிரம்மில் போட்டு, 60 டிகிரியில் நீங்களே ஓட்டலாம். போர்த் தண்ணீர் வீட்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வேண்டாம். டிரம்மின் பின்னால் தாங்கும் மூன்று கை அலுமினியம், அமிலம் அதையும் தின்னும். பிளீச்சோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

ஹீட்டர் போய்விட்டது என்று சொன்னால் மல்டிமீட்டரை வைக்கச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கி, ஹீட்டர் வயரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். 2000 வாட் ஹீட்டருக்கு 26 ஓம் பக்கம் காட்டினால் நல்லது. முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. முனைக்கும் உறைக்கும் இடையே தொடர்பு காட்டினால் மின்கசிவு, கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் ஈஎல்சிபி சுவிட்ச் விழுவதற்கு அதுதான் காரணம்.

உள்ளூர் மெக்கானிக் ஜெயிப்பது பேரிங்கில். ஸ்பின்னில் லாரி ஓடுவது போல் சத்தம் வந்தால், காலி டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். டிரம் மட்டும் தனியாக மேலும் கீழும் ஆடினால் பேரிங்தான். ஆயில் சீல் தேய்ந்து, தண்ணீர் புகுந்து, துரு ஏறியிருக்கும். பல மாடல்களில் டப் ஒட்டியே வருவதால் கம்பெனி முழு டப்பையும் மாற்றச் சொல்லும், பில் மெஷின் விலையில் பாதியைத் தொடும். உள்ளூரில் ஒட்டிய விளிம்பை ரம்பத்தால் சுற்றி அறுத்து, இரண்டு பேரிங்கையும் சீலையும் மாற்றி, சிலிக்கான் தடவிப் போல்ட் போட்டு மூடுகிறார்கள். ஒழுங்காகச் செய்தால் நன்றாகவே உழைக்கும். பேரிங் எண் பல மெஷின்களில் 6205, 6206. கழற்றியதன் பக்கத்தில் பொறித்த எண்ணையும் புதியதன் எண்ணையும் ஒப்பிடுங்கள். சீலை விட்டுவிட்டுப் பேரிங் மட்டும் மாற்றுகிற ஆளிடம் கொடுக்காதீர்கள். டப் திறந்திருக்கும்போதே அந்த மூன்று கை அலுமினியத்தைத் திருகாணியால் சுரண்டிப் பாருங்கள், மாவாக உதிர்ந்தால் அதையும் மாற்ற வேண்டும். சிலிக்கான் இறுக ஒரு நாள் வேண்டும். அன்று சாயங்காலமே துவைத்துக் காட்டுகிறேன் என்றால், நாளைக்கு வரச் சொல்லுங்கள்.