அப்பாவுக்கு வாங்கிய மினி சைக்கிள்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

நாற்காலியில் உட்கார்ந்தபடியே மிதிக்கிற மினி சைக்கிளைப் பற்றித்தான் எழுதுகிறேன். இருக்கை கிடையாது, கைப்பிடி கிடையாது. பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் பட்டையோடு இரண்டு பெடல், அவற்றைத் தாங்க ஒரு சட்டம், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, ஒரு சின்னத் திரை, அவ்வளவுதான். அப்பாவுக்கு வயது 76. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நடக்கச் சொன்னால் நடப்பார். ஆனால் மழை, வெயில், வலி என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்து நடை நின்றுபோகும். நின்றதை மறுபடி தொடங்க வைப்பது பெரும்பாடு. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இது வீட்டுக்கு வந்தது. நிரப்பவும் செய்கிறது. பெட்டியில் அச்சடித்திருக்கும் மற்ற வாக்குறுதிகளை நம்பி வாங்காதீர்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. வாங்குவதற்கு முன் இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் போதும். விலை குறைந்தது உராய்வு வகை. திருகை இறுக்கினால் ஒரு பட்டை அச்சைப் பிடிக்கும், அதனால் மிதிக்கக் கடினமாகும். கையால் தூக்கிவிடலாம், மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். ஆனால் கொஞ்ச நேரம் மிதித்தாலே பட்டை இருக்கும் இடம் சுடும், கிறீச்சென்று சத்தம் வரும், இறுக்கமும் ஒரே சீராக இருக்காது. இன்னொன்று காந்த வகை. உள்ளே சுழலும் உலோகச் சக்கரத்தின் அருகே காந்தம் நெருங்க நெருங்க, சக்கரத்தில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் அதை இழுத்துப் பிடிக்கும். எதுவும் எதன் மேலும் உரசுவதில்லை, அதனால் சத்தம் கிட்டத்தட்ட இல்லை. கனம் அதிகம், விலையும் அதிகம்.

தம்பி முதலில் வாங்கி அனுப்பியது உராய்வு வகை. அப்பா வாழ்நாள் முழுக்கத் தையல்காரர், காலால் மிதிக்கிற மிஷினில் உட்கார்ந்தே வேலை பார்த்தவர். எந்த இயந்திரம் கிறீச்சிட்டாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. யாரும் பார்க்காத நேரத்தில் தையல் மிஷின் எண்ணெயை எடுத்து அந்தப் பட்டையில் நாலு சொட்டு விட்டுவிட்டார். சத்தம் நின்றது. கூடவே பிடிப்பும் போய்விட்டது. திருகை எவ்வளவு இறுக்கினாலும் பெடல் காற்றில் சுற்றுவது போலச் சுற்றியது. "இப்பத்தாம்மா நல்லா ஓடுது" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். துடைத்துப் பார்த்தோம், பழையபடி வரவில்லை. அப்புறம்தான் காந்த வகைக்கு மாறினோம். வீட்டில் இப்படி ஒரு கைவினைஞர் இருந்தால் நேராகக் காந்த வகையையே வாங்கிவிடுங்கள்.

உட்காரும் விதத்தைப் பற்றி அதனுடன் வரும் துண்டுக் காகிதத்தில் உருப்படியாக ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் காட்டிக் கொடுத்தது இதுதான். சக்கரமில்லாத, முதுகுச் சாய்வு உள்ள கெட்டியான நாற்காலியாக இருக்கவேண்டும், அதைச் சுவரோடு ஒட்டிப் போடவேண்டும். பெடல் தூரத்தில் இருக்கும்போது முழங்கால் முழுதாக நீளக்கூடாது, லேசாக மடிந்தே இருக்கவேண்டும். பெடல் கிட்டே வரும்போது முழங்கால் இடுப்பை விட மேலே ஏறக்கூடாது. அப்படி ஏறினால் நாற்காலி தாழ்வாக இருக்கிறது, அல்லது சைக்கிள் மிகவும் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அப்பாவுக்கு முதலில் முழங்கால் சிப்பியின் முன்பக்கம் வலித்தது இதனால்தான். நாற்காலியில் ஒரு மெத்தையைப் போட்டு உயர்த்தி, சைக்கிளை ஒரு சாண் தள்ளி வைத்ததும் வலி நின்றது. தரையில் எந்த இடத்தில் வைக்கவேண்டும் என்று சாக்பீஸால் அவரே கோடு போட்டுக்கொண்டார், துணியில் அளவு குறிப்பது மாதிரி.

வழுவழுப்பான தரையில் இது நகரும். அடியில் இருக்கும் ரப்பர் பாதங்கள் பெயருக்குத்தான். முன்பக்கம் சுவரில் முட்டி நிற்கும்படி வையுங்கள், இல்லையென்றால் ரப்பர் பாய் ஒன்று போடுங்கள். மேஜை மேல் தூக்கி வைத்துக் கையாலும் சுற்றலாம் என்று படம் போட்டிருக்கிறார்கள். வைத்துப் பார்த்தோம், சைக்கிளைப் பிடித்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆள் வேண்டியிருந்தது.

திரையில் நேரம், சுற்று, தூரம், கலோரி என்று மாறி மாறிக் காட்டும். நேரமும் சுற்றும் சரியாக இருக்கின்றன. கலோரியை நம்பவேண்டாம். மிதிப்பவரின் எடை என்ன என்று அது கேட்பதே இல்லை. இறுக்கத்தைக் குறைத்து வைத்து மிதித்தாலும், கூட்டி வைத்து மூச்சுவாங்க மிதித்தாலும் அதே சுற்றுக்கு அதே கலோரிதான் காட்டுகிறது. அப்பா இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இறுக்கத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து வேகமாகச் சுற்ற ஆரம்பித்தார். திரையின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டேன். இப்போது வானொலியில் செய்தி முடியும் வரை மிதிக்கிறார், கணக்கு அவ்வளவுதான்.

எவ்வளவு கடினமாக மிதிக்கலாம் என்பதற்குப் பேச்சுதான் அளவுகோல். மிதித்துக்கொண்டே பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான உழைப்பு. நாடித்துடிப்பைப் பார்த்து முடிவு செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு வாட்சில் வரும் எண் எதையும் சொல்லாது.

65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்யவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். இந்த நிமிடக் கணக்குக்கு மினி சைக்கிள் தாராளமாக உதவும். உடல் எடை முழங்காலில் இறங்காமல் காலை மடக்கி நீட்ட வைப்பதால், தேய்மானம் உள்ளவர்களுக்கு நடையை விட வலி குறைவு. காலையில் மூட்டு விறைத்துக்கொள்வது அப்பாவுக்கு இப்போது நன்றாகக் குறைந்திருக்கிறது. "தையல் மிஷின்ல கணுக்கால்தான் ஆடும், இதுல இடுப்பு வரைக்கும் வேலை இருக்கு" என்பது அவருடைய மதிப்பீடு.

ஆனால் அதே வழிகாட்டுதல், விழாமல் இருக்க வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. இங்கேதான் இந்தச் சைக்கிள் கைவிரிக்கிறது. உட்கார்ந்து மிதிப்பவருக்குச் சமநிலை தேவையே இல்லை, நாற்காலிதான் தாங்குகிறது. இது ஒன்றே போதும் என்று நினைத்துவிட்டால், பெடலை நிமிடக்கணக்கில் சுற்றுகிற மனிதர் கழிவறையிலிருந்து எழுந்திருக்கக் கைப்பிடியைத் தேடுவார்.

வலுவைப் பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு கையையும் மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணவேண்டும். 75 முதல் 79 வயது வரையுள்ள ஆண்களுக்கு 11-க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே, விழுகிற ஆபத்து உண்டு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அட்டவணை போட்டிருக்கிறது. மாதக்கணக்கில் மிதித்த பிறகும் அப்பா அந்த எண்ணுக்குக் கீழேதான் இருந்தார். அதைத் தாண்ட வைத்தது, மிதித்து முடித்ததும் அதே நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்ததும், சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றதும்தான். இரண்டுக்கும் செலவு எதுவும் இல்லை. சைக்கிள் செய்த உபகாரம், மூட்டு இளகியிருக்கிற நேரத்தில் அவரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தது. அதுவும் சின்ன விஷயமில்லை.

மோட்டார் வைத்த மாடலும் கடைகளில் காட்டுவார்கள். சுவிட்சைப் போட்டால் பெடல் தானே சுற்றும், கால் அதோடு போய்வரும். பக்கவாதம் வந்து காலை அசைக்க முடியாதவர்களுக்கு, மருத்துவர் சொன்னால், அதற்குப் பயன் உண்டு. தானாக மிதிக்க முடிகிற அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தால் வேலை செய்வது மோட்டார்தான்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. நரம்பு பாதிப்பால் பாதம் மரத்திருந்தால் பெடல் பட்டை அழுத்துவது தெரியாது. வெறுங்காலோடு மிதிக்கவேண்டாம், முடித்ததும் பாதத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் மிதிக்கக்கூடாது, குளுக்கோஸ் பக்கத்தில் இருக்கட்டும். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அந்த நிமிடமே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும், "கொஞ்சம் பார்ப்போம்" என்று இருக்கக்கூடாது. முடித்த கையோடு சட்டென்று எழாமல் சற்று உட்கார்ந்திருந்து எழுவதும் நல்லது. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழும்போது ரத்த அழுத்தம் இறங்கிக் கண்ணை இருட்டிக்கொண்டு வரலாம்.

சரி, வாங்கலாமா? நடக்க முடிகிறவருக்கு முதல் வேலை நடைதான். நடை அடிக்கடி தடைபடுகிற, முழங்கால் வலிக்கிற, உட்கார்ந்த இடத்திலேயே பொழுதைக் கழிக்கிற அப்பாவுக்குக் காந்த வகையை வாங்குங்கள், ஐந்துக்கு நாலு மதிப்பெண் தருவேன். கழித்த ஒன்று பெடல் பட்டைக்கு. மெல்லிய பிளாஸ்டிக், துளைகள் சீக்கிரம் கிழிகின்றன, தனியாக வாங்கவும் கிடைக்கவில்லை. எங்கள் சைக்கிளில் இடது பட்டை போனதும் அப்பா தன் பழைய இடுப்பு பெல்ட்டை வெட்டி, இரட்டைத் தையல் போட்டு மாட்டிவிட்டார். வலது பட்டை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, அதையும் மாற்றவேண்டும் என்று இப்போது என் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.