குன்னூரில் திறந்த பாட்டில்: லாங்மெயில் ஆர்ஃபன் பேங்க் ஷிராஸ் 2018

முப்பத்தொரு வருஷம் டீ ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தேன். முந்தின ராத்திரி ஓட்டிய தூளை விடிகாலையில் வெள்ளைக் கிண்ணத்தில் வடித்து, உறிஞ்சித் துப்பிப் பார்ப்பதுதான் தினமும் முதல் வேலை. அதனால் எதைக் குடித்தாலும் என் நாக்கு முதலில் துவர்ப்பைத்தான் தேடும். இந்த வைனையும் அந்த நாக்கை வைத்துத்தான் சொல்கிறேன்.

அடிலெய்டில் இருக்கும் அக்கா மகன் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது இதில் இரண்டு பாட்டில் கொண்டுவந்தான். லாங்மெயில் என்பது வைன் செய்கிறவர்களின் பெயர், ஷிராஸ் என்பது சிவப்பு வைனுக்கான ஒரு கறுப்புத் திராட்சை வகை. ஒன்று அறுபது ஆஸ்திரேலிய டாலருக்குக் கொஞ்சம் கம்மி என்றான். எங்கள் வீட்டு வைன் பன்னீர் திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் போட்டு ஜாடியில் ஊற வைப்பது. அது பண்டிகை இனிப்பு, அதன் இடம் வேறு. இவன் கொண்டுவந்ததில் சர்க்கரையே தெரியாது. "மாமா, இது உங்களுக்குப் புரியும். பழைய கொடி" என்றான்.

பழசு என்றால் எவ்வளவு பழசு? தெற்கு ஆஸ்திரேலியாவில் பரோசா என்று ஒரு பள்ளத்தாக்கு. 1840களில் சைலீசியாவிலிருந்து போன லுத்தரன் சபைக் குடும்பங்கள் அங்கே குடியேறித் திராட்சை வைத்தார்கள். ஃபிரான்ஸில் 1860களில் ஃபைலாக்சரா என்ற வேர்ப்பேன் புகுந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. இன்று ஐரோப்பாவில் பெரும்பாலான கொடிகள் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டியவைதான். தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அந்தப் பூச்சி வரவே இல்லை. அதனால் அங்கே நூறு, நூற்றைம்பது வருஷக் கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. 2009ல் பரோசாக்காரர்கள் கொடிகளை வயதுப்படி பிரித்து ஒரு பட்டியலும் போட்டார்கள். 35 வயது தாண்டினால் பழைய கொடி, 70க்கு ஒரு பெயர், 100க்கு ஒன்று, 125 தாண்டினால் 'மூதாதை'. ஒரு செடிக்கு அந்தப் பெயர் வைத்ததைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

முதல் பாட்டிலை நான் அவசரப்பட்டுக் கெடுக்கப் பார்த்தேன். டிசம்பர் கடைசி, வீட்டுக்குள்ளேயே பன்னிரண்டு டிகிரி. சிவப்பு வைனை அறையின் சூட்டிலேயே குடிக்கலாம் என்று சொல்வார்களே, அதைக் குன்னூர் அறைக்கும் சேர்த்துக்கொண்டேன். திறந்த உடனே ஊற்றிக் குடித்தால் மரவாசனையும் துவர்ப்பும்தான் முன்னால் நின்றன, பழத்தைக் காணோம். டீயில் கொதி வராத தண்ணீர் ஊற்றினால் வருமே, அந்த மாதிரி மூடிய ருசி. பாட்டிலைச் சமையலறையில் அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்தபோது பதினேழு டிகிரி. அதற்கப்புறம் அது வேறு வைன். மலையில் இருக்கிறவர்கள் இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள்: வைனின் குளிர் கொஞ்சம் போகும்வரை வைத்து, காற்றாட விட்டு ஊற்றுங்கள்.

கண்ணாடித் தம்ளர் இருந்தாலும் முதல் வாய்க்கு என் பழைய டேஸ்டிங் கிண்ணத்தைத்தான் எடுத்தேன். வெள்ளைப் பீங்கானில்தான் நிறம் பொய் சொல்லாது. நடுவில் நாவல்பழச் சாறு மாதிரி கறுப்பு. கிண்ணத்தைச் சாய்த்தால் ஓரத்தில் சிவப்பு, அந்தச் சிவப்பின் கடைசி நூலில் மட்டும் செங்கல் நிறம் எட்டிப்பார்க்கிறது. கரண்டியில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்சினேன். முதலில் நாவல், அப்புறம் கறுத்துக் கனிந்த ப்ளம்ஸ், அதன் அடியில் வாட்டிய பட்டையின் வாசனை. விழுங்கின பிறகுதான் விஷயமே இருக்கிறது. துவர்ப்பு வருகிறது, ஆனால் கடிக்கவில்லை. இலையை முழுசாகச் சுருட்டிச் செய்கிற நல்ல ஆர்த்தடாக்ஸ் டீ குடித்தபின் ஈறு ஓரமாக மெதுவாக இறங்கும் பாருங்கள், அந்த வகை. தூள் டீயின் அறைதல் இல்லை. மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன், முப்பதைத் தாண்டியும் வாயில் இருந்தது.

இன்னொன்று, மிளகு. ஷிராஸில் மிளகு வாசனை வரும் என்று சொல்வது கற்பனை இல்லை. ரோட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் கறுப்பு மிளகுக்கும் ஷிராஸுக்கும் அந்த வாசனையைக் கொடுக்கிறது. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008ல் இதை வெளியிட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு அது மூக்கில் ஏறவே ஏறாதாம். எங்கள் வீட்டில் எனக்கும் அக்கா மகனுக்கும் உடனே தெரிந்தது. சில்வர் ஓக் மரத்தில் ஏறின கொடியிலிருந்து பச்சை மிளகைக் கிள்ளி நசுக்கினால் வருமே, அது, ஆனால் தூரத்திலிருந்து. என் மனைவிக்கு வரவே இல்லை. "அத்தை, இன்னொரு தடவை மோந்து பாருங்க" என்று அவன் மூன்று முறை கொடுத்தான். அவளுக்கு நாவல்பழம் மட்டும்தான்.

இனி அந்தப் பெயரைப் பற்றி. ஆர்ஃபன் என்றால் அனாதை, பேங்க் என்பது ஆற்றங்கரை. பரோசாவில் டனுண்டா ஊர்ப்பக்கம், வீடு கட்ட விற்றுப்போன நிலத்தில், நூறு வருஷம் தாண்டிய ஷிராஸ் கொடிகள் சில வரிசை நின்றிருக்கின்றன. புல்டோசர் வரப்போகிற நேரத்தில் லாங்மெயில்காரர்கள் அந்தக் கொடிகளை வேரோடு தோண்டி எடுத்துப் போய், வடக்குப் பாரா ஆற்றின் கரையில் தங்கள் நிலத்தில் நட்டார்கள். அத்தனை வயசான கொடி இடம் மாறிப் பிழைத்தது. வைனுக்குப் பெயரே அதனால் வந்தது.

இதை அவன் சொன்னபோது நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். நான் வேலை பார்த்த எஸ்டேட்டில் நாலாம் நம்பர் காடு முழுக்க வெள்ளைக்காரன் காலத்துச் சீட்லிங், அதாவது விதையிலிருந்து வளர்ந்த டீச்செடி. நீலகிரியில் டீக்கு அவ்வளவு பழைய வேர் உண்டு. தையாசோலை எஸ்டேட் 1859ல் தொடங்கியது. அந்த நாலாம் நம்பரில் ஒரே தாய்ச்செடியின் துண்டை நட்டு வளர்க்கும் க்ளோனல் செடி அளவுக்குக் கொழுந்து கிடைக்காது, ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாகத் துளிர்க்கும். ஆனால் ஜனவரி உறைபனிக்குப் பிறகு அந்தக் காட்டுக் கொழுந்தை மட்டும் தனியாக ஓட்டினால், ஃபேக்டரி முழுக்க மணக்கும். பிறகு அந்தக் காடு வீட்டு பிளாட்டாகப் போனது. ஜேசிபி பிடுங்கிப் போட்ட செடிகளைச் சாலை ஓரத்தில் குவித்திருந்தார்கள். வேரைக் கவிழ்த்து வழவழவென்று தேய்த்து, மேலே கண்ணாடி போட்டு டீபாய் ஆக்கி விற்பார்கள். எத்தனையோ கவாத்து பார்த்த செடி. ஒரு வரிசையையாவது வேறிடம் கொண்டுபோய் வைக்கலாம் என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அங்கே தோன்றியிருக்கிறது. பரோசாவிலும் 1980களில் விலை விழுந்தபோது கொடியைப் பிடுங்க அரசாங்கமே காசு கொடுத்தது. பிடுங்க மாட்டேன் என்று நின்ற விவசாயிகளால்தான் இன்று பழைய கொடி மிச்சம்.

வயதான கொடி குறைவாகத்தான் காய்க்கும். இந்த வைனின் அடர்த்தி அங்கிருந்துதான் வருகிறது என்று எனக்குப் படுகிறது. கனம் இருக்கிறது, ஆனால் நாக்கில் சுமை இல்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மிளகாய் தூக்கலான குழம்போடு வேண்டாம். ஆல்கஹால் பதினாலு சதவீதத்துக்கு மேல், இரண்டும் சேர்ந்து தொண்டையை எரிக்கும். மிளகு போட்டு வறுத்த ஆட்டுக்கறியோடு வைத்தோம். கறியின் கொழுப்பும் இந்தத் துவர்ப்பும் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டன. மறுநாள் மிச்சமிருந்த கால் பாட்டிலை ஊட்டி வர்க்கியோடு குடித்துப் பார்த்தேன். வர்க்கி தோற்றது, வைன் முதல் நாளைவிட மிருதுவாக இருந்தது. இதைத் திறந்தால் இரண்டு நாளுக்கு வைத்துக் குடிக்கும்படி வாங்குங்கள்.

இந்த விலையை நான் மாதாமாதம் கொடுக்க மாட்டேன். வருஷத்துக்கு ஒன்று என்றால் யோசிக்காமல் கொடுப்பேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறவர்கள் வரி இல்லாமல் இரண்டு லிட்டர் கொண்டுவரலாம், அதாவது இரண்டு பாட்டில். என்ன வேண்டும் என்று கேட்டால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

இரண்டாவது பாட்டில் மாடிப்படிக்குக் கீழே, பழைய டீப்பெட்டிக்குள் படுத்திருக்கிறது. நாலாம் நம்பர் காட்டில் கொழுந்து எடுத்த அம்மா ஒருவர் இன்னும் இங்கே குன்னூரை அடுத்த வெலிங்டன் பக்கம் இருக்கிறார். ஈஸ்டருக்கு அவர் வீட்டுக்குப் போகும்போது எடுத்துப் போகிறேன், ஒரு வாய் ருசி பார்த்துச் சொல்லட்டும்.