கமீனோ: சிற்றூர் விடுதிகளும் வழித்துணைகளும்

ஐரோப்பாவில் தோள்பையோடு தனியாகச் சுற்றினால் பேச்சுத்துணை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: கமீனோவுக்குப் போங்கள். பிரான்சின் எல்லையோரச் சிற்றூரான சான்-ழான்-பியே-த-போரில் தொடங்கி, பிரனீஸ் மலையைத் தாண்டி, வடக்கு ஸ்பெயினின் குறுக்கே ஏறத்தாழ 780 கிலோமீட்டர் போய், சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா பேராலயத்தில் முடிகிற யாத்திரைப் பாதை அது. கமீனோவுக்குப் பல வழிகள் உண்டு, அவற்றில் இதற்கு ‘பிரெஞ்சுப் பாதை’ என்று பெயர். சில ஆண்டுகளாக விடுப்பு கிடைக்கும்போதெல்லாம் துண்டு துண்டாகவும், ஒருமுறை முழுதாகவும் நடந்திருக்கிறேன். பெருநகர ஹாஸ்டல்களிலும் நிறைய தங்கியிருக்கிறேன். அங்கே ராத்திரி ஒரு மணி வரை உயிரைக் கொடுத்துப் பேசியவர் காலையில் வேறு ஊர் ரயிலில் ஏறிவிடுவார், கதை அதோடு முடிந்தது. கமீனோவில் அதே முகம் மறுநாள் மாலை அடுத்த ஊர் விடுதி வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும்.

காரணம் எளிது. எல்லாரும் மேற்கு நோக்கித்தான் நடக்கிறார்கள். நாளுக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் பெரும்பாலானவர்கள் போவதில்லை. நடுவில் படுக்கை கிடைக்கும் ஊர்களும் குறைவு. ஆகவே முதல் நாள் ரொன்செஸ்வாயெஸ் மடத்தில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவரைப் பத்து நாள் கழித்து புர்கோஸில் தற்செயலாகப் பார்ப்பீர்கள், ஏதோ சொந்தக்காரரைக் கண்டதுபோல இருக்கும். நான் கூச்ச சுபாவம். முதலில் போய்ப் பேசுவது எனக்கு வராது. இங்கே அது தேவைப்படவே இல்லை. “கால் எப்படி இருக்கு?” என்ற கேள்வியே போதும், அரை மணி நேரம் பேச்சு ஓடும்.

தங்குமிடத்துக்கு ஆல்பெர்கே என்று பெயர். யாத்திரிகர் அட்டையான கிரெடென்சியால் கையில் இருந்தால்தான் இடம். ஒவ்வொரு ஊரிலும் அதில் முத்திரை குத்துவார்கள். ஊராட்சி விடுதிகளில் பெரும்பாலும் முன்பதிவு கிடையாது, வந்த வரிசைப்படிதான். பத்து யூரோ சுற்றுவட்டாரத்தில் ஒரு அடுக்குக் கட்டில், வெந்நீர், துணி காயப்போடக் கொடி. இரவு பத்துக்கு விளக்கு அணையும், காலை எட்டுக்குள் கிளம்ப வேண்டும். ஒரே விடுதியில் இரண்டாம் நாள் தங்க விடமாட்டார்கள், உடம்பு சரியில்லாவிட்டால் தவிர. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்துப்போனது. எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து, ஒரே நேரத்தில் துவைத்து, ஒரே நேரத்தில் பசித்து உட்கார்ந்தால் ஒட்டாமல் என்ன செய்யும்?

சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்துத் தங்குங்கள். சைவக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். யாத்திரிகர் மெனு என்று பதிமூன்று, பதினான்கு யூரோவுக்கு மூன்று பதார்த்தமும் வைனும் தருகிறார்கள், ஆனால் ‘கலந்த சாலட்’ என்று கேட்டாலும் மேலே சூரை மீன் உதிர்த்துத்தான் வரும். “சின் அத்தூன்” என்று முன்பே சொல்லிவிட வேண்டும். மதியம் இரண்டு முதல் ஐந்து வரை கடை மூடியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம். ஒரு சனிக்கிழமை மாலை, ஓர்னியோஸ் என்ற ஒற்றைத் தெரு ஊரில், கடை மூடும் நேரத்தில் கிடைத்தது அரிசி, டப்பா பருப்பு, தக்காளி, பூண்டு மட்டும். நான் அதைக் குழைய வேகவைத்தேன். ஓய்வுபெற்ற கொரிய ஆசிரியை ஒருவர் பையின் அடியிலிருந்து மிளகாய் விழுது எடுத்தார், ஒரு பிரேசில்காரர் முட்டை பொரித்தார். இரண்டு ஜெர்மன் மாணவர்கள் பாத்திரம் துலக்கினார்கள். அன்று அமர்ந்த எட்டு பேரும் அதன்பின் லெயோன் வரை ஏறக்குறைய ஒன்றாகவே போனோம்.

இன்னும் மேலான அனுபவம் வேண்டுமானால் கிரஞோன். ரியோஹா பகுதியின் கடைசி ஊர், சில நூறு பேர்தான் இருக்கிறார்கள். தேவாலயத்தோடு ஒட்டிய இடத்தில் தரையில் மெத்தை விரித்துப் படுக்கலாம், எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட வேண்டும். கட்டணம் இல்லை. திறந்து கிடக்கும் காணிக்கைப் பெட்டியில் முடிந்ததைப் போடலாம், இல்லாதவர் எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். கர்ரியோன் என்ற ஊரில் நான் தங்கியபோது அகுஸ்தீன் சபைக் கன்னியர் மாலையில் கிட்டார் வாசித்துப் பாடி, ஏன் நடக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். அங்கே சிலர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. மத நம்பிக்கை இல்லாதவர்களும் அந்தக் கூடத்தில் கண் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. குறட்டை: காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். கொப்புளம்: ஷூவை ஊரிலேயே பழக்கிவிட்டுப் போங்கள், பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். மூட்டைப்பூச்சிதான் பெரிய தொல்லை. ஒரு தனியார் விடுதியில் முதுகெல்லாம் கடி. அடுத்த ஊரில் வாசலிலேயே சொல்லிவிட்டேன். விடுதி நடத்தும் பெண்மணி முகம் சுளிக்கவில்லை. என் பையை முற்றத்திலேயே பிரித்து, இருந்த எல்லாத் துணியையும் அதிசூட்டில் உலர்த்தியில் போட்டார். அந்த இரண்டு மணி நேரமும் நான் உடுத்தியிருந்தது ஒருவர் கொடுத்த கால்சட்டையும் இன்னொருவரின் மழைக்கோட்டும்தான். பழகி நான்கு நாள்கூட ஆகாதவர்கள் அவர்கள்.

புர்கோஸுக்கும் லெயோனுக்கும் நடுவில் மெசெத்தா என்ற மேட்டுநிலம், சுமார் 180 கிலோமீட்டர். கோதுமை வயல், வானம், நேர்க்கோடாக ஒரு மண்பாதை. கர்ரியோனைத் தாண்டினால் பதினேழு கிலோமீட்டருக்கு ஊரே கிடையாது. “சலிப்பு, பஸ்ஸில் தாண்டிவிடு” என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். பார்க்க எதுவும் இல்லாதபோதுதான் மனிதர்கள் பேசுகிறார்கள். விவாகரத்தை, இறந்த மகனை, விட்டுவந்த வேலையை எனக்கு யாராவது சொன்னது என்றால் அது மெசெத்தாவில்தான். பஸ்ஸில் போகிறவர்கள் தங்கள் கூட்டத்தையும் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே சான்றிதழான கொம்போஸ்தெலா கிடைக்கும் என்பதால், அந்த எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கும் சாரியா என்ற ஊரில் கூட்டம் அலைமோதும். 2024இல் அந்தச் சான்றிதழ் வாங்கியவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். பள்ளிக் குழுக்கள், சுற்றுலாக் குழுக்கள், விடுதிக்கு முன்பதிவுப் போட்டி. நட்புதான் நோக்கம் என்றால் சாரியாவில் தொடங்க வேண்டாம், இரண்டே வாரம் இருந்தாலும் லெயோனில் தொடங்குங்கள். அதற்காக அந்தப் பகுதியை ஒதுக்கவும் வேண்டாம். போர்த்தோமரீன் என்ற ஊர் 1960களில் அணைக்கட்டு நீரில் மூழ்கியது. அதன் தேவாலயத்தைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் கட்டியிருக்கிறார்கள். கற்களில் எழுதிய எண்கள் இன்னும் தெரிகின்றன.

வழி தவறுமோ என்ற பயமே வேண்டாம், மஞ்சள் அம்புக்குறி எங்கும் இருக்கும். 1984இல் ஓ செப்ரேய்ரோ ஊர்ப் பங்குத்தந்தை எலியாஸ் வலீன்யா பெயின்ட் டப்பாவோடு கிளம்பித் தொடங்கிய வேலை அது.

இந்த நட்பு நிலைக்குமா? வாட்ஸ்அப் குழுக்களில் பெரும்பாலானவை ஒரு வருடத்தில் ஓய்ந்துவிடும். ஓர்னியோஸ் எட்டு பேரில் மூன்று பேரோடு இன்றும் பேசுகிறேன். கொரிய ஆசிரியையும் நானும் பொதுமொழி இல்லாமல், மொழிபெயர்ப்புச் செயலியை நடுவில் வைத்து, மாதம் ஒருமுறை சமையல் குறிப்பு பரிமாறிக்கொள்கிறோம். மற்றவர்கள் மீது வருத்தம் கிடையாது.

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல்: ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் வேண்டும், ஊராட்சி விடுதிகளோ பெரும்பாலும் முன்பதிவு ஏற்பதில்லை. நான் முன்பதிவு ஏற்கும் தனியார் விடுதிகளைக் கொண்டு நாள்வாரித் திட்டம் போட்டு, நடைபயணம் என்பதை விளக்கிக் கடிதம் இணைக்கிறேன். அதிக நாள் இருக்கப்போவது ஸ்பெயின் என்பதால் விண்ணப்பம் ஸ்பெயினுக்குத்தான். நவம்பர் முதல் மார்ச் முடிய பிரனீஸ் மேல்வழி மூடியிருக்கும், பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகலாம். புனித யாக்கோபின் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் விழுவதால் 2027 புனித ஆண்டு, கூட்டம் வழக்கத்தைவிடக் கூடும். அந்த ஆண்டு போகிறவர்கள் கோடை மாதங்களை விட்டுவிட்டு ஏப்ரல் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ கிளம்புவது நல்லது.