தொட்டியின் வழவழப்பைக் கரைக்கும் என்று விற்ற திரவத்தால் ஒரு பருவ வருமானம் முழுவதும் போனது

மீன் வளர்ப்புப் பொருள்களை இணையத்தில் விற்கும் ஒரு கடையில் வாங்கிய திரவத்தால், ஒரு வளர்ப்புப் பருவத்தின் முழு வருமானத்தையும் இழந்து நிற்கிறேன். இப்படிப்பட்ட பொருளை வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை இறுதியில் எழுதுகிறேன்.

தொட்டிச் சுவரிலும் குழாய்களிலும் படியும் பாக்டீரியாப் படலத்தை மீன்கள் நீரில் இருக்கும்போதே, தேய்க்காமலே, இது கரைத்துவிடும் என்று விளம்பரம் சொன்னது. அக்கடையின் ஆலோசகர் தொலைபேசியில் நீரின் வெப்பநிலை, மீன்களின் அடர்த்தி, வடிகட்டியின் வகை என ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டார். பாக்டீரியாக்கள் தாமே சுரக்கும் சர்க்கரையும் புரதமும் கலந்த பசைக்குள் ஒட்டிக்கொண்டு வாழ்வதால், கிருமிநாசினி நீரில் மிதப்பவற்றைக் கொன்றாலும் பசைக்குள் இருப்பவை பிழைத்து மீண்டும் நீரில் கலக்கின்றன என்று அவர் விளக்கினார். அது உண்மை. அதனாலேயே, "உயிர்வடிகட்டிக்கு ஒன்றும் ஆகாது, நோய்க் கிருமிகளின் படலம் மட்டுமே கரையும்" என்று அடுத்துச் சொன்னதையும் நம்பினேன். ஆனால் மீன்களின் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்களும் அந்த உயிர்வடிகட்டியில் அதே போன்ற படலமாகத்தான் வாழ்கின்றன.

திரவத்தை ஊற்றிய பின் முதலில் அம்மோனியாவும், பிறகு நைட்ரைட்டும் ஏறின. மீன்கள் நீர் விழும் இடத்தில் கூடி வாயைத் திறந்து மூடின. நைட்ரைட் இரத்தத்தில் கலந்து ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுப்பதால் செவுள்கள் பழுப்பாகிவிட்டன. நலிந்த மீன்களைக் கொலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோய் பிடித்தது: முதுகில் சேணம் போட்டதுபோல் வெளுத்த திட்டு, செவுளில் மஞ்சள் நிற அழுகல். இத்தனைக்கும் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது உட்புற வழவழப்பு அப்படியே இருந்தது.

புகார் செய்தபோது தீவனம் அதிகமாகியிருக்கும் என்றார்கள். அளவீடுகளை அனுப்பியதும் அளவு தவறியிருக்கும் என்றார்கள். நான் ஊற்றியது அவர்களே எழுதிக்கொடுத்த அளவு. இறந்த மீன்களின் படங்களைக் கேட்டார்கள், அனுப்பிய பின் பதில் இல்லை. பிறகு அந்த ஆலோசகர் இப்போது பணியில் இல்லை என்றும், திறந்த புட்டிக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்றும் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஒரு பருவத்தின் முழு வருமானத்துக்கு அவர்கள் அளித்த மதிப்பு அந்த ஒரு வரிதான்.

விரிவாக எழுத இப்போது மனம் ஒப்பவில்லை, இவற்றையாவது கவனியுங்கள். வேதிப்பொருளின் பெயர் அச்சிடாத புட்டியை வாங்காதீர்கள். காலித் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, அதன் பிறகே கிருமிநாசினி இட்டு, நன்றாக உலர விடுங்கள். தேய்க்காமல் படலம் போகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நைட்ரைட் ஏறினால் உடனே நீரை மாற்றி, உங்கள் மீன் தாங்கும் அளவுக்கு உப்பு இடுங்கள். அதிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைக் குறைக்கும். தொலைபேசியில் தரும் உறுதிமொழியை எழுத்தில் கேளுங்கள், தர மறுத்தால் வாங்காதீர்கள்.