சாரல் அடிக்கும் சுவருக்கு எந்த மரம்? தேக்கு, அயினி, ரப்பர் மரம், டபிள்யூபிசி

மார்த்தாண்டம் பக்கம் வீடு கட்டியபோது மாடியின் மேற்குச் சுவருக்கு வெளியே மரப்பலகை அடித்தோம். ஐந்து மழைக்காலம் ஓடிவிட்டது. அதே வேலையில் இறங்கப்போகிறவர்கள் என்னிடம் கேட்பதால், நான் எதை எடுத்தேன், எதை விட்டேன் என்று எழுதுகிறேன். எடுத்தது அயினி. மலையாளத்தில் ஆஞ்சிலி என்பார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மேற்குச் சுவர் என்றால் ஜூனில் தென்மேற்குப் பருவமழை நேராக வந்து அறையும். அது ஓய்ந்து சுவர் காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு தொடங்கிவிடும். நடுவில் மாலை வெயில். நனைந்து காய்ந்து மறுபடி நனையும் இந்தச் சுவரைவிட மரத்துக்குக் கடினமான இடம் வீட்டில் வேறு இல்லை.

ரப்பர் மரம் எங்கள் ஊரில் மலிவு, தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். பூஞ்சையும் வண்டும் தேடி வரும். போரான் மருந்து ஏற்றிய பலகை வீட்டுக்குள் மேசை நாற்காலிக்குப் பொருந்தும். வெளியே வைத்தால் மழை அந்த மருந்தையே கரைத்துக்கொண்டு போய்விடும். சாரல் படும் சுவருக்கு வேண்டாம்.

டபிள்யூபிசி என்பது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை. கறையான் தொடாது, எண்ணெய் பூச வேண்டாம். நான் அதைப் பயன்படுத்தியதில்லை. எதிர்வீட்டில் மூன்று ஆண்டுகளாகப் பார்க்கிறேன், அவ்வளவுதான். வெயில் படும் பக்கம் நிறம் வெளுத்திருக்கிறது. மரமென்றால் தேய்த்துப் புதுப்பிக்கலாம், இதில் அது நடக்காது. பராமரிக்கவே நேரமில்லை என்பவர்கள் இதை வாங்குவதை நான் தடுக்கமாட்டேன்.

உண்மையான போட்டி தேக்குக்கும் அயினிக்கும்தான். வைரம், அதாவது முற்றிய நடுமரம், பாய்ந்த முதிர்ந்த தேக்குக்கு ஈடு சொல்வது கடினம். சுருங்குவது குறைவு, பலகை முறுக்காது. ஆனால் என் கைக்கு எட்டிய விலையில் கிடைத்தது இளம் தோட்டத் தேக்கு. ஒவ்வொரு பலகையிலும் ஓரத்தில் விரலகலத்துக்கு வெள்ளை, அதாவது வைரம் ஏறாத வெளிமரம். மரம் தேக்கே ஆனாலும் அந்த வெள்ளையைக் கறையான் விடாது, ஈரமும் விடாது. அதே பணத்துக்கு அயினியில் வெள்ளை முழுவதையும் அறுத்துத் தள்ளிவிட்டு வைரப் பலகை மட்டும் எடுக்க முடிந்தது. கேரளத்தின் சுண்டன் வள்ளங்களை இந்த மரத்தில்தான் செய்கிறார்கள். தண்ணீரிலேயே கிடந்து பழகிய மரம் என்பது எனக்குத் தைரியம் கொடுத்தது.

ஆனாலும் என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பழைய வீட்டில் மேற்குப் பார்த்த தேக்குக் கதவு இருந்தது. கண்ணாடி போல மின்னும் வார்னிஷ் அடித்திருந்தோம். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு. அதன்மேல் படலமாக நிற்கும் பூச்சு சரியாகப் பிடிப்பதில்லை. வெயிலில் படலம் மயிரிழையாக வெடிக்கும், மழைநீர் அதற்குள் புகும், புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் கறுப்பாகத் தங்கும். பிறகு முழுவதையும் சுரண்டி எடுத்தால்தான் மறுபூச்சு. ஒரு கதவுக்கே மூன்று நாள் என்றால், சாரம் கட்டி ஏறவேண்டிய மாடிச் சுவருக்கு எத்தனை நாள்? அப்போதே முடிவு செய்தேன்: சுவருக்குப் படலம் கிடையாது, ஊறி இறங்கும் எண்ணெய் மட்டும்.

எண்ணெய் உரியாது, மங்கும். மங்கினால் கழுவிக் காயவிட்டு மேலேயே பூசலாம். சுவரில் 120 சதுர அடி இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. ஆண்டுதோறும் பிப்ரவரியில் செய்கிறோம், மரம் நன்றாகக் காய்ந்திருக்கும் மாதம் அது. நிறமி கலந்த எண்ணெய் வாங்குங்கள், வெயிலைத் தடுப்பது அந்த நிறமிதான். வெறும் ஆளிவிதை எண்ணெயில் எங்கள் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை படரும். அதில் நனைந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட வேண்டும்.

பலகையின் பின்பக்கத்துக்கும் வெட்டுமுகத்துக்கும் (குறுக்கே அறுத்த முனை) அடிக்கும் முன்பே முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் கொடுத்தோம். கையுறை கட்டாயம், தோல் வெந்துவிடும். மரம் தண்ணீரை அதிகம் குடிப்பது வெட்டுமுகம் வழியாகத்தான். சுவருக்கும் பலகைக்கும் நடுவே நெடுக்காக ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து 20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்றுக்குத் திறந்து வைத்து, குளவி புகாமல் வலை கட்டினோம். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அழுகல் பூஞ்சை வேலை செய்யாது. அந்த இடைவெளிதான் ஈரத்தை இறக்குகிறது. இரும்பாணியைத் தொடவே வேண்டாம், மழைபட்டதும் மரத்தில் கறுப்புக் கோடு வழியும். துருப்பிடிக்காத திருகே போட்டோம். ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் கழற்றிவிடலாம்.

பத்மநாபபுரம் அரண்மனையில் நூற்றாண்டுகள் தாண்டிய மரவேலையைப் பார்க்கிறவர்கள் கூரை எவ்வளவு தாழ இறங்கி அதை மூடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். என் சுவருக்கு மேலே இரண்டடி இறவாரம் மட்டுமே. மூன்றரை அடியாக விட்டிருக்க வேண்டும் என்று இன்றும் வருந்துகிறேன். கட்டுமானம் முடியாதவர்கள் மரக்கடைக்குப் போவதற்கு முன்னால் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஐந்து மழைக்குப் பிறகு நிலவரம் இது: மொத்தம் 22 பலகை. பொன்னிறம் பழுப்பாகிவிட்டது. இரண்டு பலகை லேசாக வளைந்திருக்கின்றன. முதிர்ந்த தேக்கு அப்படி வளைந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஓட்டு நீர் தெறிக்கும் வடக்கு மூலையில், அடிப்பலகையின் முனை நகம் அழுந்தும் அளவுக்கு மென்மையாகியிருக்கிறது. அதற்கு மாற்றுப் பலகை அறுத்து நிழலில் காயவைத்திருக்கிறோம், வரும் பிப்ரவரியில் மாட்டுவோம்.