உறவுக்குப் பின் ரத்தம்: தொற்றா, வேறு காரணமா?

உடலுறவுக்குப் பிறகு உள்ளாடையில் ரத்தக்கறை பார்த்ததும் பால்வினை நோயாக இருக்குமோ என்றுதான் மனம் முதலில் பதறும். ரத்தத்தின் நிறத்தையோ அளவையோ வைத்து அதை முடிவு செய்ய முடியாது. கூடவே வேறென்ன தொந்தரவு இருக்கிறது, ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி) வைத்துப் பார்க்கும்போது கருப்பை வாய் எப்படி இருக்கிறது, இவைதான் பிரித்துக் காட்டும்.

தொற்று என்றால் பொதுவாக கிளமிடியா, கொனோரியா, டிரைக்கோமோனாஸ். முதல் இரண்டில் கருப்பை வாய் அழன்று, பஞ்சுக்குச்சி பட்டாலே ரத்தம் கசியும். மஞ்சள் சளி போல வெள்ளைப்படும். அடிவயிறு வலிக்கும், சிறுநீர் எரியும். டிரைக்கோமோனாஸ் என்றால் நுரைத்த, பச்சை கலந்த கசிவு, நாற்றம், அரிப்பு. ஆனால் கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. வெள்ளைப்படவில்லை, அதனால் தொற்றில்லை என்ற கணக்கு இங்கேதான் தப்பும்.

தொற்றல்லாத காரணங்களின் சாயல் வேறு. மாதவிடாய் நின்ற பிறகோ பாலூட்டும் காலத்திலோ வரும் வறட்சியில், உறவின் தொடக்கத்திலேயே எரிச்சலும் வலியும் இருக்கும். எக்ட்ரோபியனில் வலியே இருக்காது. கருப்பை வாயின் உட்புறத்து மென்மையான செல்கள் வெளியே தெரிவதுதான் அது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சகஜம். ‘கருப்பை வாய்ப் புண்’ என்று சீட்டில் எழுதிப் பயமுறுத்துவார்கள்; பல நேரம் சிகிச்சையே வேண்டாம். பாலிப் (சிறு சதை வளர்ச்சி) என்றால் முறுக்கி எடுத்து பயாப்ஸிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு, அனுப்புவார்கள்.

தவறவிடக் கூடாதது கருப்பை வாய்ப் புற்றுநோய். இதில் சுமார் 70 சதவீதத்துக்கு ஹெச்பிவி என்ற வைரஸின் 16, 18 வகைகளே காரணம். அந்த வைரஸும் உறவில் பரவுவதுதான். ஆனால் தொற்று புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். புற்றுநோய் என்ற ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்போதைய கணவரைச் சந்தேகிப்பது அர்த்தமற்றது.

எந்தச் சோதனை? கிளமிடியா, கொனோரியாவுக்கு யோனியில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துச் செய்யும் நாட் (கிருமியின் மரபணுவைத் தேடும்) சோதனையே நம்பகமானது. சந்தேகப்படும் உறவு நடந்து இரண்டு வாரத்துக்குள் செய்தால் தவறாக நெகட்டிவ் வரலாம். பால்வினை நோய்களுக்கான அரசு சுரக்ஷா கிளினிக்கில் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல், அறிகுறியை வைத்தே சாம்பல் நிற கிட் (மருந்துப் பொட்டலம்) தருவார்கள்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்ஸிம் 400 மில்லிகிராம், ஒரே வேளை. துணைவருக்கும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் தொற்று திரும்ப வரும். இருவரும் மருந்து எடுத்து 7 நாள் உறவைத் தவிர்க்க வேண்டும். இதே மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போடுவது மோசமான தேர்வு. காரணம் புற்றாக இருந்தால் மாதங்கள் வீணாகும்.

கருப்பை வாய் செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர், அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் வியா இரண்டும் அறிகுறி இல்லாதவர்களைச் சலித்தெடுப்பதற்கான சோதனைகள். கண்ணுக்குத் தெரியும் கட்டி இருந்தால் நேராக பயாப்ஸிதான். பாப் நார்மல் என்று வந்தாலும் விட்டுவிடக் கூடாது. மாதவிடாய் நின்றவருக்கு ஒருமுறை ரத்தம் பட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் முதலில் கர்ப்பச் சோதனை. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.